சம்பந்திக்கு ஊர் காட்டிய நாள்

அந்த நவம்பர் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை என் கணவர் குனியாக்கியின் வசம் இருந்தது. டோக்கியோ ரயில் வரைபடம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரிந்து கிடக்கும். சூப் கிண்ணமோ தேநீர்க் கோப்பையோ அதன் பக்கத்தில் வரக்கூடாது. நாங்கள் இருவரும் தொலைக்காட்சிக்கு எதிரே இருந்த குட்டை மேசையில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எங்கள் ஒரே மகள் சினாட்சுவின் கல்யாணம்தான் இதற்கெல்லாம் காரணம். மாப்பிள்ளை யுசுருவுக்கு வடகோடியில் அவோமோரி பக்கம் ஊர். அப்பா அம்மாவுக்கு அங்கே ஆப்பிள் தோட்டம். பிள்ளைகள் இருவரும் டோக்கியோவில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகியவர்கள். கல்யாணம் முடிந்து வசந்தம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்கே போய்விடுவதாக முடிவு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அறுவடை முடித்துவிட்டுச் சம்பந்திகள் வெள்ளிக்கிழமையே வருகிறார்கள். சனிக்கிழமை மணமக்களுக்கு மண்டபத்து வேலை இருந்தது.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் அவங்களை எங்கயாவது சுத்திக் காட்டுறீங்களா?" என்று சினாட்சு போனில் கேட்டாள்.

என் கணவரிடம் "எங்கயாவது" என்று சொல்லக்கூடாது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதே அவர் பிழைப்பு. தேனிலவுக்கு என்னைக் கியூஷு தீவுக்குக் கூட்டிப்போனபோது எந்த ஊரையும் நான் பார்க்கவில்லை. ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயிலுக்கு ஓடியதும், ஏறிய ரயிலிலெல்லாம் தூங்கியதும்தான் ஞாபகம். அவர் மட்டும் இன்றைக்கும் அதைத் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த பயணம் என்பார். எல்லா ரயிலும் பிடித்துவிட்டோமாம்.

வேலையில் இறங்குவதற்கு முன் சம்பந்தி வீட்டாருக்கு என்ன பார்க்க ஆசை என்று கேட்கச் சொன்னார். சம்பந்தியம்மா தொஷியேவுக்குப் போன் போட்டேன். அவர்கள் ஊர்ப் பேச்சு எங்களுக்குப் பாதிதான் பிடிபடும். பிடிபட்ட பாதியே இனிப்பாக இருக்கும்.

"எங்களுக்கு எதுன்னாலும் சரிதான் மயினி. நீங்க காட்டுதத நாங்க பாக்கோம்."

இதைச் சொன்னதும் என் கணவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எதுன்னாலும் சரின்னா எப்படி? கோபுரமா, கோயிலா, கடலா? படிக்கட்டு ஏறுவாங்களான்னு கேளு. அதையாவது கேளு."

மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தெனமும் ஏணியில ஏறி எறங்குத ஆளுகட்ட இதென்ன கேள்வி மயினி! அண்ணாச்சிக்கு ஏணி வேணும்னா சொல்லுங்க, கொண்டாரோம்."

படிக்கட்டுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பெட்டிப் பிரச்சினைதான் தீரவில்லை. எந்த நிலையத்தில் எந்தப் பெட்டியில் ஏறினால், இறங்குகிற நிலையத்தில் எஸ்கலேட்டர் நேர் எதிரே வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். குறித்தது போதாதென்று முந்தைய சனிக்கிழமை ஒத்திகைக்கு வேறு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னிக்கு நீ தொஷியே சம்பந்தியம்மா. கொஞ்சம் மெதுவா நட" என்றார் நிலையத்து வாசலில்.

"அவங்க என்னை விட வேகமா நடப்பாங்க."

"சும்மா இரு. சம்பந்தியம்மா இப்படியெல்லாம் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க வீட்டுக்காரரைக் கேட்டீங்களா?"

உயேனோ பூங்கா, அரண்மனை அகழி, கடைத்தெரு, உயரமான கட்டடத்தின் உச்சி என்று போனோம். நடுவே அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கடையில் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தோம். என் காலில் கொப்புளம். அவர் முகத்திலோ பரீட்சையில் தேறிய பையனின் களை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இவ்வளவு ஊரை இவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது.

"ஏங்க, எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க? எதுன்னாலும் சரின்னுதானே சொன்னாங்க."

கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார். "ரயில் எல்லா எடத்துக்கும் போகுது. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. கொட்டுற பனியை வார வேண்டியதில்ல. ஒரு நாள் முழுக்க நல்லபடியா பாத்தாங்கன்னா... 'பிள்ளைங்க இங்கயே இருந்துக்கட்டுமே'ன்னு அவங்களே சொல்லிட மாட்டாங்களா?"

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டிலேயே ஒருவர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வலியோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போனது. அவரைக் கண்டிக்கவும் வாய் வரவில்லை. அதே ஆசையை நானும்தான் யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் மடித்து வைத்திருந்தேன். "சூடு ஆறிடும், சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். நராவோக்கா சம்பந்தி நல்ல உயரம். அகன்ற தோள், குறைந்த பேச்சு. தொஷியே அவர் தோள் அளவுக்குத்தான் இருப்பாள். பேச்சில் இருவரின் பங்கையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவர்களுக்கு முன்பே கூரியரில் வந்து சேர்ந்திருந்த ஆப்பிள் பெட்டி எங்கள் வீட்டு நடையை அடைத்துக்கொண்டு நின்றது. வீடு முழுக்க அந்த வாசனை.

சாப்பாடு முடிந்ததும் என் கணவர் நாளையத் திட்டத்தை எடுத்து வைத்தார். வழியில் வரும் பெரிய ஆஸ்பத்திரிகூட அதில் குறித்திருந்தது. தொஷியே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"யாத்தே! இத அப்படியே ரயில்வே ஆபீசுக்கு அனுப்பிச்சிருங்க அண்ணாச்சி. அவியளுக்கு ஒதவும்."

"ஒண்ணுக்கு எங்க போறதுன்னு எழுதிருக்கா?" என்று நராவோக்கா கேட்டார். அன்று மாலை அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"எழுதியிருக்கேன் சம்பந்தி" என்றார் என் கணவர், கொஞ்சமும் சிரிக்காமல். எழுதித்தான் இருந்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். கிளம்பிய உடனேயே திட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்க ஆரம்பித்தது. நராவோக்காவுக்கு மரம் கண்ணில் பட்டால் கால் நகராது. எங்கள் தெரு முனையில் நிற்கும் செர்ரி மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதோட கிளைய வெட்டுனவன் யாரு? கொலகாரப் பய" என்றார். உயேனோ பூங்காவில் கிங்க்கோ மரங்கள் முழு மஞ்சளில் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் நின்றார். தொஷியே உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். என் கணவர் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காதது போல் கையைச் சட்டைப் பைக்குள் விடுவதுமாக இருந்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

அடுத்து அரண்மனை. உயேனோ நிலையத்து நடைமேடைக்கு வந்தோம். வட்டப்பாதை ரயில் அறிவிப்பு கேட்டது.

"இங்க இல்ல, இன்னும் முன்னால! இந்தப் பெட்டியில ஏறினா இறங்குற எடத்துல படிக்கட்டு தூரமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் தொஷியேவை இட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் விறுவிறுவென்று நடந்தார். நானும் நராவோக்காவும் பின்னால் போனோம். ரயில் வந்து நின்றது. எங்களுக்கு நேர் எதிரே கதவு திறந்தது. நராவோக்காவின் ஊரில் ரயில் வந்து நின்றால் ஏறுவார்கள். ஏறிவிட்டார். அவரைத் தனியாக விட முடியுமா? நானும் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் கணவர் இன்னும் முன்னேறிப் போய்க்கொண்டிருந்தார். சரியான பெட்டிக்கு இரண்டு எட்டு இருக்கும்போது கதவு மூடிவிட்டது.

ரயில் அவர்களைக் கடந்தபோது என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். பக்கத்தில் தொஷியே, கப்பல் பயணிகளை வழியனுப்புவது போல் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உடனே என் செல்போன் அதிர்ந்தது. "அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நில். நாங்கள் அடுத்த ரயிலில் வருகிறோம்" என்று செய்தி. நான் கைப்பையைத் தோளில் மாட்டி எழத் தயாரானேன். நராவோக்கா ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்துவிட்டிருந்தார். காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் இருக்கை அது. முதுகில் வெயில் விழுந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, இந்த ரயிலு வட்டமா ஓடுமாமே?"

"ஆமாங்க."

"அப்பம் எறங்காமலே இருந்தா, ஏறுன எடத்துக்கே திரும்ப வந்துருவோமா?"

"ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

"பொறவு என்னத்துக்கு எறங்கணும்?"

தோளில் மாட்டிய பையை மடியில் இறக்கினேன். போன வாரத்து ஒத்திகையில் வந்த கால் கொப்புளமும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது. "நாங்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறோம். அங்கேயே இருங்கள்" என்று எழுதி அனுப்பினேன். "எதற்கு?" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் "அரண்மனை?" என்று வந்தது. பிறகு என் பெயர் மட்டும், கேள்விக்குறியோடு. செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் போட்ட திட்டத்தை நான் மீறியது அதுதான் முதல் தடவை. பெரிய பாவம் செய்தது போல் இல்லை. நன்றாக உறங்கி எழுந்தது போல் இருந்தது.

நராவோக்கா கோபுரங்களைப் பார்க்கவில்லை. மாடி வீடுகளின் பால்கனிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"வீட்டுக்கு வீடு மெத்தை காயுது. எங்க ஊர்ல இனிமே வானம் மூடிட்டே கெடக்கும். மெத்தைய வெளிய போட ஏப்ரல் ஆவும்" என்றார், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத தாழ்ந்த குரலில்.

ஒரு பள்ளிக்கூடத்து மைதானம் போனது. சீருடையில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆற்றுப் பாலம் போனது. ஷினாகவா தாண்டியதும் பெட்டியில் கூட்டம் குறைந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். எங்க மேல உங்களுக்குக் கோவமா?"

"ஐயோ, எதுக்குங்க?"

"ஒத்தப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போறோம்லா."

"கோபமெல்லாம் இல்லைங்க" என்றேன். மருத்துவமனையில் மற்றவர்கள் வைத்துக்கொள்ளும் அதே முகத்தை நான் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

அவர் தலையை ஆட்டினார். "நான் எம் மவன வரவேண்டாம்னுதான் சொன்னேன். குளிரு, முதுகுவலி, ஒரு வருசம் காய்ச்சா ஒரு வருசம் புயல்ல கொட்டிரும். எங்களோட போட்டும், நீங்க பட்டணத்துலயே இருங்கன்னு ரெண்டு பேருட்டயும் ஒக்காத்தி வச்சுச் சொன்னேன். உங்க பொண்ணுதான் கேக்கல. ஜனவரியில வந்துருந்தாள்லா, அப்பமே தெரிஞ்சு போச்சு, இது நம்ம சொல்லுக் கேக்காதுன்னு."

"ஜனவரியிலயா? யார் வந்தா?"

"உங்க மவதான். சினாட்சு."

"சினாட்சு ஜனவரியில சிநேகிதிங்களோட வெந்நீர் ஊற்றுக்கில்ல போனா? எங்களுக்கு அந்த ஊர் இனிப்பெல்லாம் வாங்கிட்டு வந்தாளே!"

நராவோக்கா தொப்பியை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். ஓடுகிற ரயிலிலிருந்து இறங்க வழி இருந்தால் இறங்கியிருப்பார். "நான் ஒரு மடையன்" என்றார். "வாயத் தொறக்காதீய, வாயத் தொறக்காதீயன்னு எம் பொண்டாட்டி சொல்லித்தான் கூட்டியாந்தா."

"சொல்லுங்க. பரவாயில்ல. எனக்குத் தெரியணும்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஷிபுயா வந்தது, ஷின்ஜுகு வந்தது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

"மொழங்காலுக்கு மேல பனி. அப்பந்தான் கெளை வெட்டுத காலம். யுசுரு அவன் வேலையா இங்கன இருக்கான், உங்க பொண்ணு மட்டும் தனியா வந்து நிக்கா. 'முடியுமா முடியாதான்னு பாக்கணும்'ங்கா. சரின்னு என் பனிச் செருப்பக் குடுத்தேன். ரெண்டு காலும் ஒண்ணுல போற அளவு பெருசு. ஏணியில ஏறி, இந்தக் கெளையா, அந்தக் கெளையான்னு கேட்டுக் கேட்டு வெட்டுதா. மூக்குல தண்ணியா ஊத்துது. எறங்குன்னா எறங்க மாட்டேங்கா. மறுநா ஒரு கெளையத் தப்பா வெட்டிட்டா. நல்ல கெளை. நான் ஒண்ணும் சொல்லல. அவ கீழ எறங்கி வந்து, அந்த மரத்துக்கு முன்னால நின்னு, குனிஞ்சு மன்னிப்பு கேக்கா தங்கச்சி! எங்கிட்ட இல்ல, மரத்துட்ட! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. வீட்டுக்குப் போயி பொண்டாட்டிட்டச் சொன்னேன். நம்ம மவன் வராட்டாலும் இந்தப் பிள்ள வந்துரும்டின்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அது எங்கேயோ திரும்பிக் கண்ணில் நீராக வந்து நின்றது. கைக்குட்டையை எடுத்தேன். நராவோக்கா மரியாதையாக எதிர்ப்பக்கம் இருந்த பற்பசை விளம்பரத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

எங்கள் மகளை யாரோ எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று இத்தனை மாதம் நாங்கள் இருவரும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தோம். அவளோ பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு பனியில் தனியாகப் போய், தனக்கு வேண்டியதைத் தானே பார்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றும் யோசித்தேன். சொல்லியிருந்தால் அவள் அப்பா அங்கே போய்வர ரயில் திட்டம் போட்டுக் கையில் கொடுத்திருப்பார். திரும்பி வருகிற ரயிலைத்தான் முதலில் குறித்திருப்பார். அவள் செய்ததுதான் சரி.

"உங்களுக்குப் பிடிச்சிருக்காங்க, எங்க பொண்ணை?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எங்களப் பிடிச்சுருக்கே, அதுதான் எனக்குப் புரியல" என்றார்.

ரயில் ஒட்சுகா, கொமகோமே என்று எங்கள் பக்கத்து நிலையங்களுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொதுக் குளியல் கூடத்தின் புகைபோக்கியை அவருக்குக் காட்டினேன். அன்று முழுக்க அவருக்கு நான் காட்டிய ஒரே இடம் அதுதான்.

உயேனோவில் இறங்கினால், நடைமேடை பெஞ்சில் என் கணவரும் தொஷியேவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். விடிகாலையில் என் அடுக்களைக்குள் புகுந்து தொஷியே உருட்டி வைத்தவை. மேசையில் இத்தனை நாள் சூப் கிண்ணத்தை அண்டவிடாமல் போட்ட திட்டக் காகிதம் இப்போது அவர் மடியில் விரிந்து, சோற்றுப் பருக்கைகளை ஏந்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டியளா!" என்றாள் தொஷியே. "அண்ணாச்சி இந்த ஒரு மணி நேரமும் வந்த ரயிலு, போன ரயிலு அத்தனைக்கும் கணக்குச் சொன்னாவ. ஒண்ணுகூடப் பிந்தலயாம். அவியளுக்கே அதுல பெரும!" பிறகு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். "நீங்க வாயத் தொறந்துட்டிய."

"தொறந்துட்டேன்" என்றார் நராவோக்கா.

"என்ன சயோகோ? என்ன ஆச்சு?" என் கணவர் எழுந்தார்.

"இவியளுக்குப் பிள்ளைய அனுப்ப மனசில்ல" என்று தொஷியே அவரைக் காட்டி, மறைக்காமல் சொன்னாள். "நேத்து அந்தக் காகிதத்தப் பாத்தப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு மயினி. ஆஸ்பத்திரிய எல்லாமா ஊர் பாக்குதவங்களுக்குக் காட்டுவாவ? எனக்கொரு பொண்ணு இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

என் கணவரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் அவரை உட்கார வைத்து, ஜனவரி மாதத்தைச் சொன்னேன். பனியை, செருப்பை, ஏணியைச் சொன்னேன். "யாரும் அவளைக் கூட்டிட்டுப் போகலைங்க. அவளேதான் போறா" என்றேன்.

எதிரே ஒரு ரயில் வந்து நின்று போனது. அடுத்ததும் வந்து போனது. இரண்டையும் என் கணவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பயமாக இருந்தது.

"மரத்துக்கிட்டயா மன்னிப்பு கேட்டா?" என்றார் கடைசியில்.

"மரத்துட்டத்தான் சம்பந்தி. நல்லாக் குனிஞ்சு" என்றார் நராவோக்கா.

"சின்ன வயசுல நாற்காலியில இடிச்சுக்கிட்டா நாற்காலிகிட்ட மன்னிப்பு கேப்பா" என்றார் என் கணவர். "வலிக்குதான்னு தடவிக் குடுப்பா." சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி சிரித்தார், மறுபடி துடைத்தார். நராவோக்கா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மெதுவாகத் தட்டியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். என் கணவர் பெஞ்சிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

பிறகு மடியில் கிடந்த காகிதத்தைப் பருக்கைகளோடு சேர்த்து மடித்துத் தொஷியேவின் குப்பைப் பையில் போட்டார். எழுந்து நின்று அவர் கேட்டதை என் காதாலேயே என்னால் நம்ப முடியவில்லை.

"இப்ப எங்க போலாம்?"

தொஷியேவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நராவோக்கா தொண்டையைச் செருமினார். "கேக்க வெக்கமா இருக்கு. டிரைவர் இல்லாத ரயிலு ஒண்ணு உண்டாமே. அதுல மொத ஆளா முன்னால ஒக்காரலாமாம். யுசுரு சொல்லிருக்கான்."

என் கணவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அது அவர் திட்டத்தில் கிடையாது. சம்பந்திக்கு முன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று அவரே அடித்துவிட்டிருந்தாராம்.

ஷிம்பாஷியில் மாறி அந்த ரயிலுக்குப் போனோம். எந்தப் பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. முன்னிருக்கைக்கு வரிசை இருந்தது. இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில் ஏறினோம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் இளம் தாய் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுடைய பிள்ளைகளுக்கு முன் இந்த இரண்டு ஆண்களும் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, முழங்காலில் கைவைத்துக் காத்திருந்தார்கள். தொஷியேதான் எழுந்து போய் ஒரு பெண் குழந்தையைத் தூக்கித் தன் கணவர் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

ரயில் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து, திடீரென்று கடலைக் காட்டியது. பாலத்தின் மேல் ஏறுவதற்கு முன் பாதை ஒரு முழு வட்டம் அடித்தது. "ஓ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மடியிலிருந்த குழந்தை கொட்டாவி விட்டது.

நாங்கள் பின்னால் உட்கார்ந்து மிச்சமிருந்த சோற்று உருண்டையைப் பங்கிட்டுக்கொண்டோம். "மயினி, பனிக்காலத்துல உங்க பொண்ணு போன் பண்ணி அழுதான்னா நம்பிராதீங்க" என்றாள் தொஷியே. "மொத வருசம் நானும் எங்கம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். போன வச்சுட்டு ஒரு தட்டுச் சோறு தின்னேன்."

"நீங்களும் வெளியூர்ப் பொண்ணா?"

"பக்கத்து மலைக்கு அந்தப் பக்கம். அந்தக் காலத்துல அதுவே வெளிநாடு."

மறுகரையில் இறங்கி மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அரண்மனையும் பார்க்கவில்லை, உயரமான கட்டடத்தின் உச்சிக்கும் போகவில்லை. ஆண்கள் இருவரும் திரும்பும்போதும் முன்னிருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும் சினாட்சு போன் செய்தாள். மறுநாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏணியில ஏறுனியாமே?"

"மாமா சொல்லிட்டாரா?" என்ற மெல்லிய குரல் எனக்கும் கேட்டது.

"குளிருச்சா?"

"ரொம்பக் குளிருச்சு அப்பா. விரல் எல்லாம் மரத்துப்போச்சு." அவளே தொடர்ந்தாள். "ஆனா நல்லா இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இப்ப சொல்லிட்டேல்ல" என்றார். "நல்ல கையுறையா வாங்கிக்கோ. மலிவா வாங்காத. செருப்பும் உன் அளவுக்கு வாங்கிக்கோ." போனை என்னிடம் நீட்டிவிட்டு, நடையில் இருந்த ஆப்பிள் பெட்டியை இதுவரை பார்க்காதவர் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நராவோக்கா எழுந்து போய் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "தோலோட கடிங்க சம்பந்தி. சீவித் தின்னா அது பழம் இல்ல, பலகாரம்."

என் கணவர் கடித்தார். சாறு முகவாயில் வழிந்தது. "இதைப் பறிக்க எப்ப வரணும்?" என்று கேட்டார்.

"பாக்க வாறீயளா, வேலைக்கு வாறீயளா?"

"வேலைக்குத்தான்."

"அப்பம் அக்டோபர் கடைசி. சோறு போடுவோம், ஒறங்க எடம் குடுப்போம். ஏணியில ஏறி நின்னுட்டு எந்த ரயிலு போகுதுன்னு பாத்துட்டு நிக்கப்படாது."

"தோட்டத்துலேர்ந்து ரயில் தெரியுமா?" என்று என் கணவர் தலையை நிமிர்த்திக் கேட்டதும் தொஷியே சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் நின்று பேசும்போது என் கணவர் எழுதிக்கொண்டு வந்த பேச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டி அவரை உட்கார வைத்தார்கள்.